கப்பலுக்குச் சேர்த்த அரிசி

அந்த ஐந்து வருஷமும் நான் ஓர் இடத்தில் கால் பாவி நின்றதாக நினைவில்லை. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறை வாடகைக் குடித்தனம். அம்மா, தங்கை, நான். வேலை துறைமுகத்தில். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரங்கூன் போகிற கப்பல் எது என்று கண் தானாகத் தேடும். கண்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க எண்ணிக்கை தப்பும். மேலதிகாரி திட்டுவார், நான் முறைப்பேன். என்னை வேலையை விட்டுத் துரத்தாதது அவருடைய நல்ல மனசு.

நாங்கள் ரங்கூன்காரர்கள். இதைச் சொன்னால் ராயபுரத்தில் சிரிப்பார்கள். ராமநாதபுரத்துத் தமிழ் பேசிக்கொண்டு நீ என்ன ரங்கூன்காரன் என்பார்கள். தாத்தா காலத்தில் போன குடும்பம். நான் பிறந்தது அங்கே, படித்தது அங்கே, முதன்முதலில் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்ததும் அங்கேதான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரே கிளம்பியது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் தாண்டி நடந்து வந்தோம். எனக்குப் பதினேழு வயது, தங்கைக்குப் பதினொன்று. வழியில் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. அதை எழுத உட்கார்ந்தால் இதை எழுத முடியாது.

அப்பா எங்களோடு நடக்கவில்லை. அவர் ஓர் அரிசி ஆலையில் கிடங்குப் பொறுப்பில் இருந்தார். சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் வந்து சேர்கிறேன் என்று சொல்லி, தெரிந்த குடும்பங்களோடு எங்களை அனுப்பிவைத்தார். முதலாளி அதற்கு முந்தைய வாரமே குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. அப்பாவிடமிருந்து அதன் பிறகு ஒரு வரி வரவில்லை. அம்மா தினமும் காலையில் குளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

எங்களைப்போல வந்தவர்கள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலுமாக ஒரு நாற்பது குடும்பம் இருந்தோம். ஒரு கரிக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சங்கம் வைத்தோம். தலைவர் ரங்கூனில் ஆலை மேஸ்திரியாக இருந்தவர். இங்கே கோணி தைத்துக்கொண்டிருந்தார். அங்கே முந்நூறு பேரை ஏவியவருக்கு இங்கே ஏவ யாரும் இல்லை, எங்களைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர் கொட்டகையில் வந்து உட்கார்ந்தால் பழைய மேஸ்திரி ஆகிவிடுவார்.

சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்று. யுத்தம் முடிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்கு வீடு, ஒருவருக்குப் புதைத்துவிட்டு வந்த குழந்தை. எல்லோரும் போக முடியாது. அதனால் ஒரு சமயத்துக்கு ஒரு ஆள். சங்கச் செலவில் கப்பலில் மேல்தட்டுச் சீட்டு எடுத்துக் கொடுப்போம். அவர் நாற்பது குடும்பத்துக்காகவும் விசாரித்துக்கொண்டு திரும்பி வந்து கொட்டகையில் நின்று சொல்லவேண்டும். யார் போவது என்பதற்குக் குடவோலை. அங்கே தேடுவதற்கு ஆள் இருக்கிற குடும்பத்தின் பெயர் மட்டும்தான் குடத்தில் விழும். சீட்டு விழுந்தவன் போகலாம். இல்லையென்றால் தன் முறையைத் தானே இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வேறு யாரும் அதை அவனிடமிருந்து பிடுங்க முடியாது. சண்டை வேண்டாம் என்று தலைவர் போட்ட சட்டம் அது.

பணத்துக்கு வழி? கூலிக்காரர்களிடம் சந்தா கேட்டால் யார் தருவார்கள்? பிடி அரிசி எடுப்பது என்று முடிவானது. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஒரு டப்பாவில் போடவேண்டும். வாரக் கடைசியில் சங்கத்து ஆள் வந்து வாங்கிப்போவார். எங்கள் வீட்டில் அந்தப் பிடி எடுப்பது தங்கையின் வேலை. ரேஷன் அரிசி. எடுத்த பிறகு மிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அவள் எடுக்காமல் விட்ட நாள் கிடையாது.

இங்கேதான் கூத்து நடந்தது. எங்கள் ஆண்களில் பாதிப்பேர் வாழ்நாளெல்லாம் அரிசி ஆலையில் கிடந்தவர்கள். ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்து எந்த ஆற்றங்கரை நெல் என்று சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் நாற்பது வீட்டு அரிசியையும் ஒரே பீப்பாயில் கொட்டிவிட்டார்கள். பச்சரிசி, புழுங்கல், சிவப்பு, குருணை, நடுவில் ஒரு புண்ணியவதி போட்ட கோதுமை. ஒரு மாசம் கழித்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கலந்த அரிசி ஒன்றாக வேகாது. பச்சரிசி குழைந்து களியாகும்போது புழுங்கல் பல்லை உடைக்கும். அதோடு ரேஷன் அரிசியை வெளியே விற்றால் போலீஸ் வரும். யாருக்குமே அது முன்கூட்டித் தோன்றவில்லை. ஆலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தலைவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

வழி கண்டுபிடித்தது ஓர் அக்கா. ரங்கூனில் வீதியில் மொய்ங்கா என்கிற பர்மாக்காரர்களின் மீன்குழம்புச் சேவை விற்றவள், புருஷன் நடந்து வந்த வழியிலேயே செத்துப்போய்விட்டான். ஊறவைத்து அரைத்துவிட்டால் எந்த அரிசியாக இருந்தால் என்ன என்றாள். அரைத்த மாவை வேகவைத்து, சேவை நாழியில் பிழிந்து, மீனும் வாழைத்தண்டும் கடலை மாவும் போட்டுக் கொதித்த குழம்பை மேலே ஊற்றி, வறுத்த வெங்காயம் தூவித் துறைமுக வாசலில் காலை ஏழு மணிக்குக் கடை போட்டாள். முதல் நாள் ஒரு மூட்டைக்காரர் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாமே இது, நூல் நூலா கீது? துணி தைக்கவா, துன்னவா?”

“துன்னு பாத்துட்டு துட்டு குடு நைனா. புடிக்கலன்னா குடுக்காத,” என்றாள் அக்கா. ராயபுரத்துப் பாஷை அவளுக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது.

அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மறுநாள் நாலு பேரைக் கூட்டிவந்தார். இப்படித்தான் எங்கள் கப்பல் காசு சேர்ந்தது.

முதலில் போனவர் ஒரு தச்சர். கையில் நாற்பது குடும்பத்துக் கேள்விகள் எழுதிய நோட்டு. போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு போட்டார். அதோடு சரி. அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவரை வாய்க்கு வந்தபடி திட்டினோம். உள்ளுக்குள் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது போனவர் வயதான தையற்காரர். அவர் சொன்ன சொல் தவறாதவர். நாலு மாதத்தில் திரும்பி வந்தார். கப்பலிலிருந்து இறங்கி வரும்போது நான் துறைமுகத்தில்தான் வேலையில் இருந்தேன். என்னைப் பார்த்ததும் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மூட்டை அடுக்குக்குப் பின்னால் நிறுத்தினார்.

“தம்பி, ஆலை எரிஞ்சுபோச்சு. ஆனா காவக்காரன் உசிரோட இருக்கான். நீங்க கெளம்பின நாலாம் நாளே குண்டு விழுந்திருக்கு. உங்க அப்பா கெடங்குலதான் இருந்தாரு. அவந்தான் மண்ணத் தள்ளியிருக்கான்.”

நான் அழவில்லை. என் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகினேன், எடுத்தேன், மறுபடி செருகினேன். பிறகு சொன்னேன்: “கூட்டத்துல இதைச் சொல்லாதீங்க. தெரியலன்னு சொல்லிருங்க. அம்மாவுக்கு நானே பாத்துச் சொல்லிக்கிறேன்.”

அவர் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஒவ்வொரு குடும்பமாக வாசித்தார். எங்கள் முறை வந்தபோது தலையை நிமிர்த்தாமல், “ஆலை இல்லை. ஆளைப் பத்தித் தெரியலை,” என்றார். அம்மா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். பொய். தேடுவதற்கு ஆள் இல்லையென்றால் என் பெயர் குடத்தில் விழாது. அதுதான் உண்மை. எனக்கு ரங்கூன் வேண்டியிருந்தது. இந்தச் சந்து, இந்தக் கரித்தூள், இந்த மூட்டை எண்ணும் பிழைப்பு எதுவும் எனக்கு ஒட்டவில்லை. அங்கே போய்விட்டால் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்று நம்பினேன். செத்துப்போன அப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

எட்டு மாதம் போனது. மூன்றாவது குடவோலையில் என் பெயர் விழுந்தது.

கொட்டகையில் எழுந்து நின்றேன். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். பர்மாவில் புதுச் சட்டம் வருகிறது, இனிமேல் பர்மிட் இல்லாமல் யாரையும் இறங்க விடமாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. போனால் இப்போது போகவேண்டும், தவறவிட்டால் இனி இல்லை. நான் மறுநாளே அம்மை ஊசி போட்டுக்கொண்டேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா என் கால்சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

அந்த வாரம்தான் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். பள்ளியில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எங்கள் நாற்பது குடும்பத்தில் அதுவரை அவ்வளவு தூரம் படித்தவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து. அவளுடைய பெரிய டீச்சர் பெண்கள் காலேஜில் இன்டர்மீடியட்டுக்கு இடம் பேசிவைத்திருந்தார். சேர்க்கைப் பணத்தைக் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டும். என் சம்பளத்தில் அது நடக்காத காரியம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பயணத்தைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோம். அம்மாவுக்கு அன்று காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள். தங்கை நேராக உள்ளே வந்து, பெண்கள் பக்கம் உட்காராமல், தலைவருக்கு எதிரே நின்றாள்.

“தலைவரே, இந்தத் தடவை கப்பலுக்கு ஆள் அனுப்ப வேணாம். அந்தக் காச எனக்குக் குடுங்க. நான் காலேஜ் சேரணும்.”

எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார்.

“சங்கம் வச்சதே அங்க போறதுக்குத்தாம்மா. நீ படிச்ச புள்ள, தெரியாதா?”

“போறதுக்கே சேத்துக்கினு இருக்கீங்க. இருக்கறதுக்கு யாரு சேக்கறது?” அவள் நிறுத்தவில்லை. “நாப்பது வூட்டுப் புள்ளைங்களும் இங்கதான் கீதுங்க. அதுல பாதி இங்கியே பொறந்ததுங்க. ஒண்ணாவது கப்பல் ஏறப் போவுதா? அதுங்களும் மூட்டை தூக்கினு, கோணி தச்சினு கெடக்கணுமா? எனக்குக் குடுத்தா, நான் படிச்சு வேலைக்குப் போயி அடுத்தவங்களுக்குக் குடுப்பேன். இங்கியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

ஒருவர் எழுந்து, “உங்கப்பனத் தேடத்தானே உன் அண்ணன் போறான்? அதுகூடவா உனக்கு வேணாம்?” என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “அத்த அண்ணன்கிட்டயே கேளுங்க,” என்றாள்.

நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்துகிறாள் என்ற ஆத்திரத்தில், அவள் சொன்னதை யோசிக்கவே இல்லை. தலைவர் மோவாயைச் சொறிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். முறை என்னுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். அடுத்த ஞாயிறு வந்து சொல்லவேண்டும். சேர்க்கைப் பணத்துக்குக் கெடு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை.

அந்த ஒரு வாரத்தைத் தள்ளியதுபோல நான் எதையும் தள்ளியதில்லை. தங்கையோடு பேசவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் வடக்கே நடப்பேன். ஒருநாள் திருவொற்றியூர் வரை, ஒருநாள் அதையும் தாண்டி எண்ணூர் உப்பளம் தெரியும்வரை. கால் வலித்ததும் திரும்புவேன். நான் அண்ணன், நான் சம்பாதிக்கிறேன், எனக்கென்று கேட்டது இது ஒன்றுதான், அதையும் இவள் பறிக்கப் பார்க்கிறாளே என்று வழியெல்லாம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டைகளில் நான்தான் ஜெயித்தேன்.

புதன்கிழமை அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி படிப்புக்கு என்னம்மா செய்யுறது?”

“அது அவ பாடு. நீ உன் பாட்டப் பாரு. எப்பக் கெளம்பணும்?”

அம்மா என் பக்கம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அப்பாவைத் தேடி நான் போகவேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அவளிடம் உண்மையைச் சொன்னால் உடைந்துபோவாள். அதனால் நான் போய்த்தான் ஆகவேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மொய்ங்காக் கடையில் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நின்றபோது அக்கா என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

“இந்த மாவு யாரு ஆட்டறதுன்னு தெரியுமா உனுக்கு?”

“நீங்கதான்.”

“எனுக்கு ரெண்டு கைதான் கீது. தெனம் காலைல வந்து பாதி மாவு ஆட்டிக் குடுத்துட்டுத்தான் உன் தங்கச்சி இஸ்கூலுக்குப் போவா. பத்தாங் கிளாஸ்லேர்ந்து. உன்கிட்ட சொன்னாளா?”

சொல்லவில்லை. அவள் ஏதோ தோழியோடு சேர்ந்து படிக்கப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அக்கா விடவில்லை.

“சரி, நீ போறே. தச்சன் போனான், திரும்பலை. நீ திரும்பி வருவியா? எம் மூஞ்சப் பாத்துச் சொல்லு.”

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வருவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் திரும்பி வருவதாக இல்லை என்பதை அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. அம்மாவையும் தங்கையையும் இந்தச் சந்தில் விட்டுவிட்டு நான் ஓடிப்போகப் பார்க்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அக்கா அடுத்த ஆளுக்குக் குழம்பு ஊற்றினாள். நான் பாதிக் கிண்ணத்தோடு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பிவிட்டது. இந்தமுறை அம்மாவும் வந்திருந்தாள். தலைவர் என்னைக் கேட்டார். “என் முறையைத் தங்கச்சிக்குக் கொடுக்கிறேன்,” என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உட்கார்ந்திருக்கலாம்.

“அப்ப உங்கப்பாவ யாருப்பா போயித் தேடுறது? சட்டம் வந்துட்டா அப்புறம் நெனச்சாலும் முடியாது,” என்றார் தலைவர். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு எதையும் பொறுமையாகச் செய்து பழக்கமில்லை.

“தேடுறதுக்கு ஆள் இல்லை. அப்பா செத்துட்டார். நாங்க கெளம்பின நாலாம் நாளே செத்துட்டார். எனக்கு எட்டு மாசமாத் தெரியும்.”

தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒருவர், “அப்ப பொய் சொல்லித்தான் கொடத்துல பேரு போட்டியா?” என்று கத்தினார். அவருடைய அண்ணன் அங்கே காணாமல் போயிருந்தான். சீட்டு அவருக்கு விழுந்திருக்கலாம். நான் அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு சுவரைப் பார்த்தேன். நாற்பது குடும்பத்துக்கு நடுவில், முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் தாலியை அறுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா அலறவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “அப்ப அந்தக் காசப் பொண்ணுக்குக் கட்டிருங்க,” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் போனார்கள். வீட்டுக்குள் அவர்கள் அழுததும் செய்ததும் எதையும் நான் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை சந்து முனையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போனபோது அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்குச் சோறு போட்டு வைத்தாள்.

சங்கம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் குடும்பங்கள் அந்த வாரமே பிடி அரிசியை நிறுத்திவிட்டன. கப்பலுக்கென்று எடுத்த அரிசியைக் காலேஜுக்குக் கொடுத்தால் இனி யாரும் திரும்பிப் போகப்போவதில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி என்றார்கள். அதில் தப்பில்லை, அதுதான் அர்த்தம். அப்புறம் பர்மிட் கெடுபிடி உண்மையாகவே வந்தது. ஒவ்வொரு வீடாக டப்பாவை மறுபடி எடுத்து வைத்தார்கள். முதலில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தோம், பிறகு வருஷத்துக்கு மூன்று பேருக்கு. கடைக்கு வந்து சாப்பிடுகிற மீன்காரம்மா ஒருத்தி, “எம் புள்ளைக்கும் குடுப்பீங்களா, இல்ல ரங்கூன் புள்ளைங்களுக்கு மட்டும்தானா?” என்று ஒருநாள் கேட்டாள். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை நடந்தது. அவள் பிள்ளைக்கும் கொடுத்தோம். அவள் வீட்டிலும் ஒரு டப்பா வைத்தாள். பிறகு குப்பத்தில் பல வீடுகளில் வைத்தார்கள். வேலைக்குப் போன பிள்ளைகள் திருப்பிக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களைத் திட்டுவது பல வருஷம் என் பொறுப்பாக இருந்தது; அதற்குப் பொருத்தமான ஆள் என்று தலைவரே சொல்லி நியமித்தார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லவேண்டும்.

தங்கையும் நானும் காலேஜ் ஆபீசுக்குப் போனோம். இன்னும் நாங்கள் பேச ஆரம்பிக்கவில்லை. குமாஸ்தா பணத்தை வாங்கிக்கொண்டு, அவளுடைய மனுவை எடுத்து, சரிபார்க்கச் சொல்லி என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் அவள் கையெழுத்து. தகப்பனார் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் உயிருடன் இல்லை என்று எழுதியிருந்தாள். கார்டியன் என்ற இடத்தில் அம்மாவின் கைநாட்டு. கீழே தேதி. அந்தத் தேதியை நான் இரண்டு தரம் பார்த்தேன். அவள் கொட்டகைக்குள் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமைக்கும் நாலு நாள் முன்பு.

ரோட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஏமாத்திக் கைநாட்டு வாங்கினியா?”

“ஏமாத்தலை. படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன்.”

“அப்படின்னா?”

“தையக்காரரு வந்தாரே, அதுக்கு மறுநாளே கொழாயாண்ட அம்மா அவர நிறுத்திக் கேட்டாங்க. அவரால மறைக்க முடியலை. அம்மா ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாங்க. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க.”

எட்டு மாதம். தினமும் காலையில் குளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டு என் எதிரில் அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஏன்?” என்றேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“குங்குமத்த அழிச்சா உம் பேரு கொடத்துல கெடையாதே அண்ணே. ‘அவனுக்கு இங்க இருப்புக் கொள்ளல, போகட்டும்’னாங்க.”

போகட்டும் என்று மட்டும் சொன்னாளா, போய்வரட்டும் என்று சொன்னாளா என்று தங்கையிடம் கேட்க நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, எனக்கும் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். அதை நான் அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான் திரும்பமாட்டேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது; அவள் எந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.